சின்ன எழுத்தில் என்ன போட்டிருந்தது

தென்காசியில் திருநெல்வேலி பஸ் ஏறி உட்கார்ந்தபோது மணி எட்டரை. மடியில் ஒரு பாட்டில் இளநீர். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்த என் சிநேகிதி வடிவுக்கு அதைத் தவிர வேறு எதுவும் இறங்கவில்லை. இரண்டு நாளாக அதுவும் ஸ்பூனால்தான். வண்டி ஆலங்குளம் தாண்டும்போது அவள் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி போன் செய்தார். பத்தொன்பது நாளாக அவர் என்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவந்தார்: "சீக்கிரம் வாம்மா, உன்னையத்தான் தேடுதா." அன்றைக்கு, "பார்வதி, பஸ்லயா இருக்க? மெதுவா வா. இனி அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, வீட்ல எதுவுமா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, இளநீர் பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டு திருநெல்வேலி வரை போனேன்.

குற்றாலம் ஐந்தருவி ரோட்டில் சீசனுக்கு மூன்று அறைகளை வாடகைக்கு விட்டு, வருகிறவர்களுக்குச் சமைத்தும் போட்ட சண்முகவடிவை உங்களில் சிலருக்கு நேரில் தெரியும். அவள் வைத்த சொதியைச் சாப்பிட்டுவிட்டு அருவியை மறந்து தூங்கியவர்கள் உண்டு. மற்றவர்களுக்கும் அவளைத் தெரியும், பெயர்தான் தெரியாது. இந்தப் பத்திரிகையில் மாதந்தோறும் வரும் வீட்டுக் குறிப்புகளுக்குக் கீழே 'பார்வதி, தென்காசி' என்று போட்டிருக்கும். எழுதியது நான். கண்டுபிடித்தது பாதிக்கு மேல் அவள். எண்ணெய் ஸ்ப்ரேயை வைத்து வந்த குறிப்புகளோ முழுக்க முழுக்க அவளுடையவை. அந்த டப்பாவால்தான் அவள் செத்தாள். சாகும் முன்பு அதைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் பொய் சொன்னேன். அஞ்சலி என்ற பெயரில் இதை எழுத உட்கார்ந்தது அந்தப் பொய்யைத் திருத்தத்தான். நல்ல வார்த்தை நாலு படிக்கலாம் என்று வந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இரண்டு பேரும் கீழப்பாவூரில் எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. அவளுக்கு இங்கிலீஷ் வராது, எனக்குத் தையல் வராது. தையல் வகுப்பில் என் துணிக்கும் அவளே காஜா எடுப்பாள். இங்கிலீஷ் பரீட்சையில் என் பேப்பர் அவள் பக்கம் சாய்ந்திருக்கும். ஒருமுறை டீச்சர் பிடித்துவிட்டார். இருவரையும் வெயிலில் முட்டி போட வைத்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். வடிவு அழவில்லை. "வாசிக்கது உன் பாடு, செய்யுதது என் பாடு. இதுல என்னட்டி களவு இருக்கு?" என்றாள். அந்த வருடத்தோடு அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் மேலே படித்து, யூனியன் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனேன். எங்கள் ஏற்பாடு மட்டும் மாறவில்லை. மருந்துச் சீட்டு, கரண்ட் ஆபீஸ் கடிதம், மகள் உமா ஷார்ஜாவிலிருந்து அனுப்பும் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் எனக்காக எடுத்துவைத்திருப்பாள். உமாவிடமே போனில் கேட்கலாமே என்றால், "அவ கடகடன்னு சொல்லுவா, எனக்குப் பிடிபடாது. நீ சொன்னாத்தான் ஏறும்" என்பாள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இப்போது சொல்ல நாக்கூசுகிறது, ஆனால் இருந்தது.

போன வருடம் உமா லீவில் வந்தபோது மஞ்சள் நிறத்தில் இரண்டு டப்பா கொண்டுவந்தாள். அண்ணாச்சி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் ஆபரேஷன் ஆகி எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். தோசைக்கல்லின் மேல் டப்பாவைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினால் எண்ணெய் பனிபோல் விழும், அது போதும் என்று மகள் ஏற்பாடு. வடிவு ஒரே ஒரு தோசை சுட்டுப் பார்த்தாள். "எண்ணெயை மோந்து பாத்த தோசை, தின்னுத தோசை இல்ல" என்று சொல்லி டப்பாவை ஓரங்கட்டிவிட்டாள். அது போடும் சத்தத்தை வைத்துப் 'புஸ்ஸு' என்று பெயரும் வைத்தாள்.

சாரல் தொடங்கிய வாரம் நான் போயிருந்தேன். டப்பாவை எடுத்து நீட்டி, "இதுல என்ன போட்டிருக்கு, பாரு" என்றாள். கண்ணாடியைத் தென்காசி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பெரிய எழுத்தை வாசித்தேன்: சூரியகாந்தி எண்ணெய், ஒட்டாது, உடம்புக்கு நல்லது. "கீழ எறும்பு ஊருத மாதிரி சின்ன எழுத்துல என்னமோ கெடக்கே?" என்று கேட்டாள். டப்பாவைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டே பிடித்தேன். தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாற்பது வருடத்துக்கு மேலாக அவளுக்கு வாசித்துச் சொன்னவளுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "எல்லா டப்பாலயும் போடுததுதான், வெயில்ல வைக்காதன்னு. குத்தாலத்துல உனக்கு வெயில் எங்கன இருக்கு?" என்றேன். இருவரும் சிரித்தோம். டப்பாவை அவள் ஜன்னல் திட்டில் வைத்தாள்.

சாரல் காலத்தில் அந்த ஊரில் மரம் ஊதிப்போகும், இரும்பு துருப்பிடிக்கும். வடிவு வீட்டு இரண்டாம் அறைக் கதவைத் திறந்தால் ஆட்டை அறுப்பதுபோல் ஒரு சத்தம் வரும். கீலில் எண்ணெய் ஊற்றினால் வழிந்து சுவரெல்லாம் கறை. ஒருநாள் புஸ்ஸுவை எடுத்துக் கீலில் இரண்டு அமுக்கு அமுக்கினாள். சத்தம் நின்றது. "தோசைக்கு ஆகாட்டா என்ன, இந்தச் சவத்துக் கதவுக்கு ஆச்சு" என்றாள். அதிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. பூட்டு திறக்காவிட்டால் சாவியில் ஒரு அமுக்கு. குடைக்கம்பிக்கு ஒன்று. குளிக்க வந்தவர்களின் பெட்டியில் ஜிப் சிக்கினால் அதற்கு ஒன்று. புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் பசையைச் சுரண்டிச் சுரண்டிக் கீறல் போடுகிறோமே, அதன் மேல் அடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தால் சுத்தமாக வந்துவிடும். சென்னையிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் தலைமுடியில் சூயிங்கம் ஒட்டி, தாய் கத்தரிக்கோலோடு நின்றாள். வடிவு அந்தக் கத்தரிக்கோலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, புஸ்ஸுவை எடுத்து வந்தாள். நான் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

பலாப்பழக் குறிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அறுப்பதற்கு முன் கத்தியிலும் கையிலும் அடித்துக்கொண்டால் பால் ஒட்டாது என்பது. அதற்கு ஒரு வாசகர், 'எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெயில் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம், இதற்குக் கடல் தாண்டி டப்பா வர வேண்டுமா' என்று கடுதாசி போட்டார். வடிவிடம் வாசித்துக் காட்டினேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். "அந்த அண்ணாச்சி சொல்லுதது நெசந்தான். ஆனா அவரு வீட்ல பலாப்பழம் அறுக்கது யாருன்னு கேட்டு எழுது" என்றாள். குறிப்புகளுக்குக் கீழே உன் பெயரையும் போடச் சொல்லட்டுமா என்று அன்றைக்குக் கேட்டேன். வேண்டாம் என்றாள். "யாரு பேருல வந்தா என்ன, கதவு சத்தம் போடாம இருந்தாச் சரி." நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

அவள் செய்ததில் என்னால் மறக்க முடியாதது ஒரு மோதிரம். மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், பேரருவியில் கூட்டத்தில் சிக்கிக் கையைக் கம்பியில் இடித்துக்கொண்டு வந்தார். மோதிர விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. டாக்டரிடம் போனால் மோதிரத்தை வெட்டுவார்கள் என்று மருமகன் சொன்னதும் அந்த அம்மா கையை மார்போடு அணைத்துக்கொண்டார். புருஷன் போட்டது, அவர் போய் ஆறு மாதம்தான் ஆகிறது. வடிவு பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலில் புஸ்ஸுவை அடித்துவிட்டு, மோதிரத்தைப் பார்க்காமல் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, வீட்டுக்காரருக்கு என்ன குழம்பு பிடிக்கும், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டே போனாள். கை மட்டும் மெல்லத் திருகிக்கொண்டிருந்தது. அந்த அம்மா வீட்டுக்காரருக்குப் பிடித்த பருப்புக் குழம்பைப் பற்றிச் சொல்லி முடிக்கும்போது மோதிரம் வடிவின் உள்ளங்கையில் இருந்தது. பிறகு அவள் என்னிடம் சொன்னாள்: "பதறுனா விரல் வீங்கும். பேச்சுக் குடுத்தா இறங்கும்." அதைக் குறிப்பில் எழுதினேன். பேச்சுக் கொடுப்பதை விட்டுவிட்டு, எண்ணெயை மட்டும்.

திருக்கார்த்திகை அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டில் இருந்தேன். ஓலைக் கொழுக்கட்டை அவித்து இறக்கியிருந்தோம். படியிலும் காம்பவுண்டுச் சுவரிலும் அகல் வரிசையாக வைத்தாயிற்று. மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. புதுத் திரி எண்ணெய் குடிக்க நேரமாகும், காற்றில் பற்றாது. வடிவு புஸ்ஸுவை எடுத்து ஒவ்வொரு திரியாக அடித்துக்கொண்டே போனாள். பிறகு ஏற்றினாள். ஒரே குச்சியில் நாலு விளக்கு பற்றியது. "பாத்தியாட்டி!" என்றாள். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். "இதையும் எழுதிக்கிடுதேன்" என்றேன். "எழுது, எழுது. அடுத்த கார்த்திகைக்கு ஆகும்" என்றாள்.

ஏற்றின விளக்கு அணையக் கூடாது என்பது அவள் வீட்டுப் பிடிவாதம். கிண்ணத்தில் நல்லெண்ணெயை வைத்துக்கொண்டு, குறையக் குறைய ஊற்றிக்கொண்டே சுற்றி வருவாள். சின்ன வயதிலிருந்து அப்படி ஊற்றிய கை அது. அன்றைக்குக் கிண்ணம் உள்ளே இருந்தது, புஸ்ஸு கையில் இருந்தது. எண்ணெய்தானே. எரிகிற விளக்குக்கு எண்ணெய் விட நம் பெண்களில் யார் யோசிப்பார்கள்? எண்ணெயை வெளியே தள்ளுவதற்கு அந்த டப்பாவுக்குள் காஸ் அடைத்திருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நான் படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். 'உலர்ந்த திரியின் மேல் லேசாக' என்பது வரை எழுதியிருந்தேன். புஸ் என்று சத்தம் கேட்டது. அதன் பிறகு கேட்டது அவள் சத்தம். காற்று தீயைத் திருப்பி அவள் மேலேயே போட்டது. பண்டிகைக்கென்று கட்டியிருந்த பாலியஸ்டர் சேலை. அண்ணாச்சி வாசலில் நனைந்து கிடந்த கால்மிதிச் சாக்கை இழுத்துக்கொண்டு ஓடினார், நெஞ்சு ஆபரேஷன் செய்த மனிதர். நான் நோட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நின்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்கக் குற்றாலம் வீட்டுக்குப் போனேன். படியில் அகல்கள் அப்படியே இருந்தன. அடுக்களையில், இன்னும் உடைக்காத இரண்டாவது டப்பா ஜன்னல் திட்டில் இருந்தது. கண்ணாடி போட்டிருந்தேன். சின்ன எழுத்தை வாசித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாசித்துவிட்டு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் அவள் விரல்கள் வீங்கிப் போய், கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். தீப்புண்ணில் எண்ணெய் படக் கூடாதாம். வெட்டும்போது பேச்சுக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன், எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவளாகவே, "வெட்டட்டும்ட்டி, நீ அங்கிட்டுப் பாரு" என்றாள்.

பதினோராவது நாள் நினைவு தெளிவாக இருந்தது. உமா மருந்து வாங்கப் போயிருந்தாள். கட்டிலைச் சுற்றிக் கட்டியிருந்த வலைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன்.

"ஏட்டி பார்வதி."

"சொல்லு."

"அந்தச் சின்ன எழுத்து. நெருப்புகிட்டக் கொண்டு போகாதன்னு போட்டிருந்துச்சா?"

ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். "இல்லட்டி. வெயில்ல வைக்காதன்னு மட்டுந்தான் போட்டிருக்கு. கண்ணாடி போட்டுத் திரும்பவும் வாசிச்சேன்" என்றேன். முதலில் சொன்னது அசட்டை. இது பொய்.

 அவள், "அப்பம் எம்மேலதான் தப்பு. கூறுகெட்ட மூதி, வெளக்குல கொண்டு போயி அடிச்சிருக்கேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "உமாகிட்டச் சொல்லிரு. நான் வாங்கிட்டு வந்ததுதான் அம்மையக் கொன்னுட்டுன்னு அழுவா. அம்மைக்குத்தான் கூறில்லன்னு சொல்லு. அவுகட்டயும் சொல்லு."

நான் சொன்னேன். அவள் சொன்னபடியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஊரே அதைத்தான் சொன்னது. சடலம் குற்றாலம் வந்தபோது கூடியிருந்த பெண்கள், "பாவம், எண்ணெயின்னு நெனச்சு கூறில்லாமச் செஞ்சிட்டா" என்றார்கள். ஒருத்தி, "என்ன செய்ய, மஞ்ச குங்குமத்தோட போயிட்டா, குடுத்து வச்சவ" என்றாள். குங்குமம் வைக்க அவள் நெற்றியில் இடம் இல்லை. எழுந்துபோய் அந்தப் பெண்ணின் வாயைப் பொத்தலாம்போல இருந்தது. ஆனால் யார் வாயை நான் பொத்துவது? கூறில்லாதவள் என்று ஊர் சொன்னது என் வாயிலிருந்து போன செய்தி. வீட்டில் இருந்த எல்லாப் பொருளுக்கும் ஒன்றுக்கு இரண்டாக உபயோகம் கண்டுபிடித்தவளை, ஆபத்தாக இருக்குமோ என்று முதலிலேயே என்னிடம் கேட்டவளை, கூறுகெட்டவள் என்று அனுப்பிவைத்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி எழுந்த பிறகு அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி இல்லாமல் வாசித்தது, பிறகு கண்ணாடியோடு வாசித்தது, ஆஸ்பத்திரியில் சொன்னது. அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "கேட்டவ அவ. எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப்போவுது? அவகிட்டச் சொல்லு" என்றார்.

"இனி எப்படிச் சொல்ல, அண்ணாச்சி?"

"நீ எழுதுத பக்கம் இருக்குல்லா? அதுல சொல்லு. உமாவும் வாசிக்கட்டும், ஊரும் வாசிக்கட்டும். அவதான் எல்லாத்தையும் உன் வாயாலதானே வாசிச்சா."

எழுந்துபோய் அந்த இரண்டாவது டப்பாவைக் கொண்டுவந்து என் பையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

உமாவுக்கு: நீ வாங்கி வந்தது தோசைக்கு. அதில் உன் தப்பு எதுவும் இல்லை. உன் அம்மா மேலும் தப்பு இல்லை.

இதை வாசிக்கும் உங்களுக்கு: என் குறிப்புகளைப் பார்த்து யாராவது அந்த டப்பா வாங்கியிருந்தால், கீலுக்கும் பூட்டுக்கும் அடித்துவிட்டு அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் வையுங்கள். இனி இந்தப் பக்கத்துக்கு நான் குறிப்பு எழுதப்போவதில்லை. செய்கிறவள் போய்விட்டாள்.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது இந்த டப்பாவும், பாதி வரியில் நின்றுபோன ஒரு நோட்டும்தான். டப்பா இப்போது மேஜையில் இருக்கிறது. அடியில் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.

வடிவு, கண்ணாடி போட்டிருக்கேன். வாசிக்கேன், கேளு. முதல் வரி: இது சட்டுன்னு தீப்பிடிக்கும். ரெண்டாவது வரி: எரியுத தீயிலயும் தீ இருக்க இடத்துலயும் அடிக்காத. மூணாவது வரியிலதான் வெயில் வருது.

நீ கேட்டது சரிதான்ட்டி. அதுதான் போட்டிருந்துச்சு. செய்யுதது உன் பாடு, நீ ஒழுங்காத்தான் செஞ்ச. வாசிக்கது என் பாடு. நான் வாசிக்கல.